காயப் போடக் கூடாத புத்தகங்கள்

மாதா தீவுத் திருவிழாவுக்குப் போன படகு திரும்பி வராத வருஷம், மழை பொய்த்துக் கிணறெல்லாம் வற்றி, ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிய அந்த வருஷம், எங்கள் முகத்துறை கிளை நூலகத்தில் மட்டும் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் அங்கே புத்தகங்கள் நீர் விட ஆரம்பித்திருந்தன.

எங்கள் என்று நான் சொல்வது பேப்பர் பெஞ்சுக்காரர்களை. பல் விளக்கினோமோ இல்லையோ, காலையில் நூலக வராந்தாவில் கிடக்கிற நீள பெஞ்சுக்கு வந்துவிடுவோம்; ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு, உலகத்தில் நடக்கிற அத்தனையையும் திட்டித் தீர்த்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்குத்தான் வீட்டுக்குப் போவோம். புத்தகம் எடுத்துப் படிக்கிற கெட்ட பழக்கம் எங்களில் ஒருத்தருக்கும் கிடையாது. உள்ளே போகிறவர்களைப் பார்த்து, "என்ன, கலெக்டர் ஆகப் போறியளோ?" என்று கேலி செய்வோம். அப்படி எங்களிடம் கேலி வாங்கினவர்களில் பாதிப் பேர் அந்தப் படகில்தான் போனார்கள்.

படகு கவிழ்ந்தது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கிற முகத்துவாரத்தில். கரையில் நின்று கையாட்டியவர்கள் கையைக் கீழே இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், இந்து வீடுகளில் கருமாதி முடிந்ததும், செத்தவர்களின் துணிமணிகளை ஒதுக்கிவைக்கும்போது, கட்டிலுக்கு அடியிலும் தையல் மெஷின் மேலேயும் நூலகத்துப் புத்தகங்கள் கிடந்தன. செத்துப்போனவங்க பேரில் நூலகத்துப் புத்தகம் வீட்டில் இருக்கக் கூடாது என்று யார் சொன்னார்களோ தெரியாது, சொல்லிவைத்தாற்போல் எல்லா வீட்டுக்காரர்களும் ஒவ்வொரு புத்தகமாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

அவற்றை வாங்கி முத்திரை குத்தி வைத்தவள் பிரிசில்லா. எங்கள் நூலகர். அப்பன் ஆத்தா இல்லாமல், தங்கச்சி மெர்லினைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, வருகிற தையில் கல்யாணத்துக்கு நாள் குறித்து வைத்திருந்தவள். மெர்லினும் அந்தப் படகில்தான் போனாள். பிரிசில்லா அழுததை நாங்கள் பார்க்கவில்லை. வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தாள், பேப்பரைக் கம்பியில் மாட்டினாள், எங்களைப் பார்த்து, "கால ஆட்டாதீங்க, பெஞ்சு ஆடுது" என்றாள். அவ்வளவுதான்.

முதலில் கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்தோம். மழையே இல்லாதபோது கூரை எப்படி ஒழுகும் என்று கேட்கிற அளவுக்கு எங்களுக்குப் புத்தி கிடையாது. பிறகு பார்த்தால், திரும்பி வந்த புத்தகங்களை வைத்த அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் இறங்கி, தரையில் ஓடி, வாசல்படியைத் தாண்டி எங்கள் செருப்பை நனைத்தது. படகோட்டியாக இருந்து ரிட்டையர் ஆன கஸ்பார், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் செத்துவிட்டது அவருக்கு.

"இது கடல்தண்ணி இல்லடே. ஆத்துத்தண்ணியும் இல்ல. ரெண்டும் கலக்குற எடத்துத் தண்ணி."

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாளி எங்கே என்றுதான் கேட்டோம்.

மனுஷனுக்கு எதுதான் பழகாது? ஒரு வாரத்தில் பழகிவிட்டது. காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தோம். வாளிகளை முறை வைத்து மாற்றினோம். ஒரு நாள் வாளியில் மடவைக் குஞ்சு ஒன்று நீந்தியது. கஸ்பார் அதைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். எந்தப் புத்தகம் எப்படி நீர் விடும் என்பதும் ஊருக்கு அத்துப்படியாகிவிட்டது. ஆட்டோ ஓட்டிய பையன் எடுத்த துப்பறியும் நாவல் அவனைப் போலவே அவசரம், சளசளவென்று கொட்டும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை எடுத்த கணக்குப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமை கூட ஓயாமல் சொட்டும். டெய்லர் பொன்னுராஜின் பெண்டாட்டி கனகா எடுத்த சமையல் புத்தகம் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்துக்கு மட்டும் சரியாகச் சொட்டும், மற்ற நேரம் சும்மா இருக்கும். பொன்னுராஜ் அந்த நேரம் பார்த்து வந்து அலமாரிக்கு முன்னால் நிற்பார், பிறகு கடைக்குப் போவார். சோறு இறங்கவில்லை என்று சொல்லிச் சொல்லி ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

நனைந்த புத்தகத்துக்கு நூலகர்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பர் சொருகி, மொட்டைமாடியில் வெயிலில் விரித்துவைத்து, உலர உலரப் புரட்டிவிட வேண்டும். பிரிசில்லாவுக்கு அது பாடம். ஜோவின் என்கிற பையன் எடுத்திருந்த புத்தகத்தை அவள் மாடிக்குக் கொண்டுபோகும்போது, அவன் அம்மா செபஸ்தியம்மாள் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எம்மவன் தொட்ட புக்கு, குடு, நானே காயப் போடுதேன்" என்று வாங்கிக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். வியாபாரத்தை விட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். சாயங்காலம் புத்தகம் அப்பளம் மாதிரி காய்ந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலையில் செபஸ்தியம்மாள் கூடையோடு வந்தாள். முகமே பளிச்சென்று இருந்தது. வெற்றிலை போட்டிருந்தாள். கஸ்பார்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஜோவின் புக்கு நல்லா காஞ்சிருச்சு போல" என்றார்.

"எந்த ஜோவின்?"

நாங்கள் சிரிக்கிறாளா என்று பார்த்தோம். சிரிக்கவில்லை.

"யாரு மவன் அவன்?" என்று அவளே மறுபடி கேட்டாள். "எங்க வீட்டுச் சுவத்துல மாலை போட்டு ஒரு பையன் படம் தொங்குது அண்ணாச்சி. யாரோ வீடு மாறி மாட்டிட்டுப் போயிருக்கான். போட்டோ ஸ்டுடியோக்காரன்ட்ட குடுத்துட்டு வாறேன். பாவம், நல்ல மூக்கும் முழியுமான புள்ள."

சொல்லிவிட்டு, சாளை வேணுமா, நெத்திலி வேணுமா என்று கேட்டாள். உள்ளே பிரிசில்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே அந்தப் புத்தகத்தைத் திரும்ப நனைத்துப் பார்த்தாள். குழாய்த்தண்ணீரில் நனைத்தாள், ஆற்றுத்தண்ணீரில் நனைத்தாள், கஸ்பார் முகத்துவாரத்துக்கே படகு பிடித்துப் போய் மொண்டு வந்தார். ஊற்றின தண்ணீர் தாமரை இலையில் நிற்காததைப் போல உருண்டு ஓடியது, ஒரு தாள்கூட நனையவில்லை. செபஸ்தியம்மாளுக்கு இருபது வருஷமாக வளர்த்த பிள்ளை, இல்லாமலே போனான்.

யார் கையால் காய்கிறதோ அவர்களுக்கு அந்த ஆள் மறந்துபோகும். அதுதான் விஷயம் என்று ஊருக்கு விளங்கியதும், ஊர் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி நூலகத்துப் பக்கமே வராமல் ஒதுங்கியது. இன்னொரு பாதி வாசலில் வந்து நின்றது. புத்தகத்தைக் கொடு, காயப் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டது. பெஞ்சிலேயே இதற்காகப் பெரிய சண்டை. மறந்தால்தான் என்ன, செபஸ்தி இப்போ நல்லாத்தானே சாப்பிடுதா, நல்லாத்தானே தூங்குதா என்று ஒருத்தர் சொல்ல, கஸ்பார் அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தார். பொன்னுராஜ் பிரிசில்லாவின் காலிலேயே விழுந்துவிட்டார்.

"முடியலக்கா. சட்டினி வாசம் வந்தாலே உயிர் போகுது. அந்த சமையல் புக்கக் குடுங்க. ஒரே ஒரு நாள் வெயிலு."

"அப்புறம் உங்க வீட்ல கனகான்னு ஒருத்தி இருந்தாளான்னு நீங்க எங்கிட்ட வந்து கேப்பீங்க. நான் என்ன சொல்லட்டும்?"

தரமாட்டேன் என்றால் தரமாட்டேன்தான். புத்தகங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தண்ணீர் பூட்டுத் துவாரம் வழியாக வந்தது.

அதற்குள் சுவர் இடுப்பளவுக்கு ஊறிவிட்டது. சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே ஒரு சுற்று நடந்துவிட்டு, "காயவைங்க. காயலன்னா கழிச்சுக் கட்டி எரிச்சிருங்க. பொங்கல் முடிஞ்சு நான் வரும்போது தரை காஞ்சிருக்கணும். இல்லன்னா கட்டடத்தப் பூட்டிட்டு நூலகத்தையே எடுத்துருவோம்" என்றார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் ஏன் வருகிறது என்று அவர் கேட்கவேயில்லை.

எரித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. வைத்திருக்கவும் இடமில்லை, வெளியே எறியவும் மனமில்லை என்று ஆனபிறகுதான் பிரிசில்லா பக்கத்து ஊர் நூலகங்களுக்குப் போன் போட்டாள்.

இதில் உள்ள கஷ்டம் வெளியாட்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து நூலகர்கள் ஒருத்தருக்கொருத்தர் புத்தகம் கொடுக்கிற ஆட்கள் இல்லை. ஓர் ஊர் முத்திரை குத்தின புத்தகம் இன்னோர் ஊர் அலமாரியில் நிற்கக் கூடாது. கணக்குப் பார்க்க வரும்போது ஒன்று குறைந்தாலும் குற்றம், ஒன்று கூடினாலும் குற்றம். அதனால் அவரவர் புத்தகத்தை அவரவர் பூட்டிக் காத்தார்கள். பக்கத்து ஊரில் என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்பதே, பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று எட்டிப்பார்ப்பது மாதிரி அசிங்கம் என்று நினைத்தார்கள். அதிலும் கருக்கன்விளை நூலகர் சுடலைமுத்து இருக்கிறாரே, அவர் பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுகிறவர். குடை இல்லாமல் வெளியே வராதவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம், உங்க தண்ணிய எங்க அலமாரியில கொண்டாந்து ஊத்தப் பாக்கியளா?" என்று போனிலேயே கத்தினார். "நான் உசுரோட இருக்க வரைக்கும் ஒரு ஈரப் புத்தகம் இந்த வாசப்படி தாண்டாது." போனை வைத்துவிட்டார். வராந்தா வரைக்கும் அவர் குரல் கேட்டது. நாங்கள் அவரைப் பச்சை பச்சையாகத் திட்டினோம்.

ஈச்சம்பட்டணத்து நூலகர் ஹபீபா மட்டும் உடனே இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்கும் பயம்தான். ஆனால் அவள் நூலகத்துக்கு வருகிற புதுசாகக் கல்யாணமான ஒரு பெண், சமையல் புத்தகம் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணே ஒண்ணு குடுங்க பிரிசில்லா, அதுவும் அந்தப் பொண்ணுக்காக" என்று சொல்லி, நேரிலேயே வந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கனகாவின் சமையல் புத்தகத்தை வைத்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பஸ் முழுக்க நனைந்ததாகக் கண்டக்டர் பிறகு எங்களிடம் சண்டைக்கு வந்தார்.

அந்தப் பெண் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மஞ்சள் கறை படிந்த பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் பென்சிலால் "அவருக்குப் புளி ஆகாது, தக்காளி போதும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். அப்படியே தக்காளி மட்டும் போட்டு மீன்குழம்பு வைத்தாள். குழம்பு கொதிக்கும்போது, முன்பின் பார்த்திராத ஒருத்திக்காக, ஏனென்று தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாளாம். அழுது முடித்துப் பார்த்தால், ஒழுகிக்கொண்டிருந்த புத்தகம் சொட்டுச் சொட்டாக அடங்கியிருந்தது. ஒரு சின்ன டப்பா வைத்தால் போதும்.

அதே நேரத்தில் இங்கே பொன்னுராஜ் ஒரு தட்டு சோறு முழுசாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து, "கனகா இருந்தா இன்னும் ரெண்டு மீனு வச்சிருப்பா" என்றார். கனகா என்று அவர் வாயால் பேர் சொல்லிக் கேட்டதும் பிரிசில்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மறக்கவில்லை. பாரம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்நியர் ஒருத்தர் எடுத்துப் படித்து அவர் பங்குக்கு அழுதால், அந்த அளவு இங்கே குறைகிறது.

ஹபீபா வாய் சும்மா இருக்குமா? ஒவ்வொரு நூலகருக்கும் போன் போட்டாள். கணக்குப் பார்க்க வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களிடம், "வாரவன் கைய அந்த டப்பாவுக்குள்ள விட்டுப் பாக்கச் சொல்லுங்க, பொறவு கணக்கு கேக்கானான்னு பாப்போம்" என்றாள். முதலில் ஒருத்தர் வந்தார், பிறகு இருவர், பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சனிக்கிழமைதோறும் நூலகர்கள் கூடுகிற வழக்கமே வந்துவிட்டது. ஒவ்வொருத்தர் கையிலும் டப்பா. எந்தப் புத்தகத்தை யார் படிப்பார்கள் என்று யோசித்து யோசித்துப் பிரித்தார்கள்: துப்பறியும் நாவலை லாரி ஷெட்டு இருக்கிற ஊருக்கு, கணக்குப் புத்தகத்தைக் கணக்கில் தோற்றுப்போன பிள்ளை இருக்கிற ஊருக்கு. தன் ஊரில் யார் எதற்கு அழுவார்கள் என்று அவர்களுக்கு இவ்வளவு தெரியும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. ஜில்லா முழுக்க நூலகங்களில் அலமாரிக்கு அடியில் ஒரு டப்பா உட்கார்ந்தது. எங்கேயும் வெள்ளம் இல்லை, எல்லா இடத்திலும் கொஞ்சம் ஈரம்.

கருக்கன்விளையில் மட்டும் டப்பா இல்லை.

மார்கழி முடிகிற நேரத்தில் எங்கள் அலமாரி காலியாகிவிட்டது. ஜோவினின் காய்ந்த புத்தகம் மட்டும் கிடந்தது. ஆனால் தரை காயவில்லை. முன்னைவிட வேகமாகத் தண்ணீர் வந்தது. பெஞ்சின் கால் முங்கத் தொடங்கியது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன கஸ்பார், பிரிசில்லாவின் மேஜை டிராயரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

மெர்லினின் புத்தகம். அக்கா நூலகர், தங்கச்சிக்கோ புத்தகம் என்றாலே தூக்கம் வரும். அவள் வாழ்க்கையில் எடுத்த ஒரே புத்தகம் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது எப்படி என்று சொல்கிற புத்தகம். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை காரை தான்தான் ஓட்டுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"அதையும் குடுத்துருங்கக்கா" என்று ஹபீபா எத்தனையோ தடவை கேட்டாள்.

"அத யாரு படிப்பா? யாரோ ஒருத்தன் அவள நெனச்சு ஒரு சொட்டு அழுதுட்டு, கொட்டாவி விட்டுட்டு மூடி வைப்பான். என் பிள்ளைய நான் ஏன் அப்படி ஊரான் கைல குடுக்கணும்?"

ஊரார் துக்கத்தை எல்லாம் ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்தவள், தன்னுடையதைக் கொடுக்கமாட்டேன் என்றாள். எங்களுக்குக் கோபம் வந்தது. நூலகம் போய்விடும், பெஞ்சு போய்விடும். ஆனால் அவளிடம் போய்ச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பொங்கல் முடிந்தது. அதிகாரி இரண்டு நாளில் வருகிறார் என்று தகவல் வந்தது. மேற்குச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். காலையில் பிரிசில்லா டிராயரைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். பழைய பேப்பர் கட்டையும் எடுத்துக்கொண்டாள். எங்களைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள்.

"யம்மா, வேண்டாம்மா" என்று கஸ்பார் எழுந்தார்.

"எனக்கும் செபஸ்தி மாதிரி ஒரு நாளு வெத்தல போட்டுட்டுச் சிரிக்கணும்னு இருக்கு அண்ணாச்சி" என்றாள். அவள் சொன்ன விதத்தில் கஸ்பார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் தாள் தாளாகப் பிரித்து வைக்கிற சத்தம் கேட்டது. முதல் பக்கங்கள் உலரத் தொடங்கியபோது, "மெர்லினுக்கு இடது கன்னத்துலயா மச்சம், வலது கன்னத்துலயா?" என்று அங்கிருந்தே கேட்டாள். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

அப்போதுதான் கருக்கன்விளை பஸ் வந்து நின்றது. சுடலைமுத்து இறங்கினார். அதிகாரி வருகிற செய்தியும் அவள் டிராயர் சங்கதியும் ஹபீபா மூலமாக அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மேலே கையைக் காட்டினோம், கிழவர் இரண்டிரண்டு படியாக ஏறினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். போனவர், புத்தகத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்று, தன் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். புத்தகம் நிழலில் வந்தது. அவர் மொட்டைத்தலை வெயிலில் நின்றது.

"தள்ளுங்க சார்" என்றாள் பிரிசில்லா.

"எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ மேடம், எனக்கு ஒரு மவன் இருந்தானாம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "எட்டாங்கிளாஸ் படிச்சானாம். கெணத்துல விழுந்துட்டானாம். அவன் எடுத்த புத்தகம் தண்ணி விட்டுச்சாம், நான் எங்க மாடில இதே மாதிரி பேப்பர் சொருகிக் காயப் போட்டேனாம். எல்லாமே 'ஆம்' தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. என் வீட்டுக்காரி அழுதுகிட்டே இருப்பா. நான் பக்கத்துல உக்காந்து, ஏட்டி எதுக்கு அழுதே, எதுக்கு அழுதேன்னு கேட்டுருக்கேன். எத்தனை நாளு தாங்குவா? அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அவ ஏன் போனான்னுகூட ரொம்ப நாளா எனக்கு வெளங்கல."

பிரிசில்லா கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது.

"ஈரப் புத்தகத்தக் கண்டா எனக்குப் பயம் தங்கச்சி. அதான் வேண்டாம்னேன். இத எங்கிட்ட குடு. நானே படிக்கேன். கொட்டாவி விட மாட்டேன்."

குடை நிழலிலேயே அவள் உடைந்து அழுதாள். ஊரெல்லாம் பார்க்க அழுதாள். வலது கன்னம்தான், வலது கன்னத்தில்தான் மச்சம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவர் புத்தகத்தை டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, தோள்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். பாம்புகளைப் பற்றிய சின்னப் பிள்ளைகள் புத்தகம், முறுக்கு மாதிரி காய்ந்து கிடந்தது. "இதால ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். ஆனாலும் வச்சிக்க" என்றார்.

மறுநாள் அதிகாரி வந்தபோது தரையில் ஈரம் இருந்தது, ஓட்டம் இல்லை. காலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போனார். நூலகம் பிழைத்தது.

அதன்பிறகு தினமும் மத்தியானம் கதவு சாத்துவதற்கு முன்னால் கருக்கன்விளையிலிருந்து போன் வரும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத சுடலைமுத்து ஒரு பக்கம் படித்துக் காட்டுவார். "வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவும்னு போட்டுருக்கு. பக்கத்துல உன் தங்கச்சி பென்சில்ல எழுதிருக்கா, அக்காவப் பின்சீட்டுல உக்கார வைக்கக் கூடாது, கத்துவா." பிரிசில்லா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பாள்.

பதிலுக்கு அவள் அவர் மகனைத் தேடினாள். இது எல்லா நூலகர்களும் சேர்ந்து செய்த வேலை. ஹபீபா தன் ஊரில் அண்ணன் வீட்டில் இருந்த சுடலைமுத்துவின் வீட்டுக்காரியைக் கண்டுபிடித்துப் பேசினாள். மற்றவர்கள் பையனுடைய வாத்தியாரை, கூடப் படித்தவர்களை, வேலை தேடிப் போய் எங்கெங்கோ இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். நாங்களும் பஸ் ஏறிக் கருக்கன்விளைக்குப் போய்த் தெருத்தெருவாக விசாரித்தோம். கிடைத்ததை எல்லாம் சனிக்கிழமை டீக்கடையில் கூட்டிச் சேர்த்தோம். பேர் இசக்கிராஜா. தண்ணீர்ப்பாம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். அடிப்பிடித்த சோறு என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்கு வந்து, அப்பா மேஜைக்கு அடியில் படுத்துப் படித்துக்கொண்டிருப்பான், அப்பா காலைத் தலைக்கு வைத்துக்கொள்வான்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பிரிசில்லா போனில் சொல்வாள். அவர் கவனமாகக் கேட்பார், யார் வீட்டுப் பிள்ளைக் கதையையோ கேட்கிற மாதிரி. பாம்புப் புத்தகத்தை அவள் மேஜையிலேயே வைத்திருந்தாள், யாரும் சொல்லாமலே அடியில் ஒரு டப்பா வைத்திருந்தாள். எல்லா நூலகங்களுக்கும் அது ஒரு சுற்றுப் போய்வந்தது, எல்லோரும் படித்தார்கள், சிலர் அழுதார்கள். டப்பா காலியாகவே இருந்தது.

மேஜைக்கு அடியில் படுத்திருப்பான் என்பதைச் சொன்ன அன்றைக்கு, சுடலைமுத்து, "அய்யோ பாவம்" என்றார். "அப்படிப்பட்ட பிள்ளைய வாரிக் குடுத்துட்டு, அவன் அப்பன் என்ன பாடு பட்டிருப்பான்."

அப்படியே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் அவள் எங்களைக் கூப்பிட்டாள். டப்பாவின் அடியில் ஒரு சொட்டு இருந்தது. கஸ்பார் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு இல்ல" என்றார். "கெணத்துத் தண்ணி."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. அவர் கூப்பிடுகிற நேரமே இல்லை. பிரிசில்லா எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையிலிருந்து ஒரு ஆம்பளை வாய்விட்டு அழுகிற சத்தம் வராந்தா வரைக்கும் வந்தது. பெற்ற பிள்ளையை அன்றைக்குக் காலையில்தான் பறிகொடுத்தவன் அழுகிற அழுகை.

"அழுங்க சார். நான் வைக்க மாட்டேன்" என்றாள் அவள்.

அவர் அழுது முடிக்க மத்தியானம் ஆனது. நாங்கள் யாரும் பேப்பர் பிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் நாங்கள் வந்து பார்த்தபோது, ஜோவினின் காய்ந்த புத்தகத்துக்கு அடியிலும் ஒரு டப்பா இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. பிரிசில்லா நான் இல்லை என்றாள், கஸ்பார் நான் இல்லை என்றார். வைக்கலாமா, கூடாதா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. செபஸ்தியம்மாள் தினமும் வெற்றிலை மென்றுகொண்டு, சிரித்த முகமாகக் கூடையோடு வருகிறாள், உள்ளே எட்டிப்பார்த்து, "எதுக்கு அண்ணாச்சி அங்க ஒரு டப்பா? கூரை ஒழுகுதா?" என்று கேட்கிறாள். நாங்கள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறோம். அதை எடுத்துவிட ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.